சுமைதாங்கியை மறுபடி நிறுத்தினோம்

ஆத்தூருக்கு வடகிழக்கே, கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் கிளைச்சாலை ஒன்றின் ஓரத்தில், மழைநீர் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்த ஒரு கருங்கல் பலகையை எடுத்து, அதன் இரண்டு தூண்களின் மேல் பழையபடி ஏற்றி வைக்க எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. கல்லைத் தூக்கிய வேலை உண்மையில் இரண்டே நாள்தான். மீதி நாளெல்லாம் மனு எழுதுவதிலும், சுண்ணாம்பு ஊறக் காத்திருப்பதிலும், கல்லில் இருந்த மூன்று வரிகளை வாசிப்பதிலும் போயின. அந்த மூன்று வரிகளை முதலில் தவறாகத்தான் வாசித்தோம். அந்தத் தவறையும் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு மற்ற விவரங்களைவிட அது கூடுதலாகப் பயன்படும் என்று எனக்குப் படுகிறது.

சுமைதாங்கி என்ற சொல் இன்று குடும்பத்தைத் தாங்கும் ஆளைக் குறிப்பதற்கு மட்டுமே நம் பேச்சில் மிஞ்சியிருக்கிறது. பொருள் என்று பார்த்தால் அது மிக எளியது: இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வருகிறவர், இறக்கிவிடவும் மறுபடி தூக்கிவிடவும் துணையாள் இல்லாத இடத்தில், கல்லை ஒட்டி நின்று முழங்காலைச் சற்றே மடக்கிச் சுமையைப் பலகைமேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். கிளம்பும்போது அதேபோலத் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இத்தகைய கல்லை வழியோரத்தில் நடுவது தமிழ்நாட்டில் பரவலாக இருந்த வழக்கம். அவள் தன் சுமையை இறக்காமலே போனவள். வழிப்போக்கர் ஒருவர் தம் சுமையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் அவளுடையதும் கொஞ்சம் இறங்குகிறது என்பது நம்பிக்கை. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலும் சுமைதாங்கியைக் காணலாம். பக்கத்திலேயே மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும், தண்ணீர்த் தொட்டியும், மடமும் சேர்ந்து இருந்த இடங்களும் உண்டு.

எங்கள் கல்லைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் யாரும் பார்த்ததில்லை என்பதுபோல ஒரு நிலை. ஒரு தூண் மட்டும் வேப்பமரத்தடியில் சாலைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதில் மஞ்சள் எனாமல் பெயிண்டில் பாதி அழிந்த ஒரு விளம்பரம் இருந்தது. பலகைக்கல் வாய்க்காலில் கிடந்தது. இன்னொரு தூணைக் காணவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது ஒப்பந்தக்காரரின் மண்வெட்டும் இயந்திரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதையே நம்பி, மனுவின் முதல் வரைவில் கொஞ்சம் கோபமாகவே எழுதிவிட்டேன். அந்த வரியைப் பின்னால் அடிக்க வேண்டி வந்தது.

மனுவைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஊராட்சியிலும், சாலை எவருடையதோ அந்த அலுவலகத்திலும் கொடுத்தோம். கல் கிடப்பது சாலைக்குச் சொந்தமான புறம்போக்கு என்பதால் கைவைப்பதற்கு முன் எழுத்துமூலமான இசைவு தேவை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்வெட்டு எதுவானாலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். நல்ல எண்ணத்தோடு செய்தாலும், சொல்லாமல் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால் அது தவறுதான். கல்லை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் கருத்துச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலை என்றால் எங்கிருந்தாலும் சிலைதான். சுமைதாங்கியோ வழியை விட்டு எடுத்தால் வெறும் பலகைக்கல். இருந்த இடத்திலேயே, சாலையின் தார் விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே தள்ளி நிறுத்திக்கொள்ள இசைவு கிடைத்தது.

முதலில் செய்த வேலை அளப்பது. பலகைக்கல் ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், எட்டு அங்குலக் கனம். கன அடிக்கு 76 கிலோ என்று கொண்டால் ஏறத்தாழ 380 கிலோ. நின்றிருந்த தூணைச் சுற்றித் தோண்டியபோது அது மொத்தம் ஆறேமுக்கால் அடி இருந்தது; எடை 480 கிலோ வரும். இரண்டாவது தூணை ஒரு முழ நீளக் கம்பியை மண்ணில் குத்திக் குத்தித் தேடினோம். நான்கடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில், கம்பி 'டிங்' என்று நின்றது. அது உடையாமல் முழுதாகப் படுத்திருந்தது.

தூணை வெளியே எடுத்தபோதுதான் கல்தச்சர் ஒரு விஷயத்தைக் காட்டினார். தூணின் மேல்பாகம் 52 அங்குலத்துக்கு உளியால் சீராகக் கொத்தப்பட்டிருந்தது. அதற்குக் கீழே 29 அங்குலம் கரடுமுரடாக, மலையில் பிளந்து எடுத்தபடியே விடப்பட்டிருந்தது. "மண்ணுக்குள்ள போற பாகத்தை எவன் கொத்துவான்? கூலி யார் குடுக்கறது?" என்றார். அந்த இரண்டு பாகமும் சேரும் இடத்தைச் சுற்றிச் செம்மண் கறை ஒரு கோடாக நின்றது. அதுதான் கல்லை நட்ட நாளின் தரைமட்டம். இப்போதைய தரை அந்தக் கோட்டுக்கு 17 அங்குலம் மேலே இருந்தது. தார் மேல் தார், அதன் மேல் மண், வாய்க்காலில் தூர்வாரிக் கொட்டியது என்று தரை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தூண் இருந்த இடத்திலேயே புதைந்துகொண்டு வந்திருக்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம். பழைய குழியைக் கலைக்காமல், சாய்ந்த தூணை நிமிர்த்தி, மற்றதையும் அதே ஆழத்தில் நட்டுப் பலகையை ஏற்றிவிடலாம் என்பது ஒரு கட்சி. அப்படிச் செய்தால் பலகையின் மேல்தளம் தரையிலிருந்து 43 அங்குலத்தில் நிற்கும். மூன்றரை அடி உயரத்தில் இருப்பது சுமைதாங்கி அல்ல, திண்ணை. பழைய கோட்டின்படி கணக்குப் போட்டால் தூண் 52 அங்குலம், பலகை 8 அங்குலம், மொத்தம் சரியாக ஐந்தடி. சராசரி உயரமுள்ள ஒரு பெண் தலைச்சுமையை இறக்குவதற்கு அந்த ஐந்தடிதான் பொருந்தும். அதை நட்டவர்கள் கண்ணளவாக நடவில்லை. ஆகவே குழியைவிட உயரமே முக்கியம் என்று முடிவு செய்து, இரண்டு தூண்களையும் பிடுங்கி 17 அங்குலம் உயர்த்தி நடத் தீர்மானித்தோம். தொல்லியல் அறிந்த ஒரு நண்பர், அப்படியானால் பழைய குழியின் இடத்தையும் மட்டத்தையும் அளந்து வரைபடமாக வைத்துவிட்டுத்தான் கலைக்க வேண்டும் என்றார். அவ்வாறே செய்தோம். குழிக்குள் ஓட்டுச் சில்லுகளும் கொஞ்சம் கரியும் தவிர ஒன்றும் இல்லை.

அடுத்தது பலகைக்கல். அதை வாய்க்காலிலிருந்து புரட்டிச் சேற்றைக் கழுவியபோது, மேல்தளத்தில் குழிகள் தெரிந்தன. எனக்கு ஒரு கணம் நெஞ்சு படபடத்தது. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில், நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு, எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காகப் பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாகத் தொலைவைக் குழிகளாலும் காட்டியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் அந்தக் கற்கள் என் மனத்தில் ஓடின. ஆனால் எங்கள் கல்லில் குழிகள் இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஏழாக இருந்தன. ஊர்ப் பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பல்லாங்குழி கண்ணு அது. நாங்க ஆடினதுதான். புளியங்கொட்டை போட்டு ஆடுவோம்."

"அப்போ இந்தக் கல்லு மேலே இல்லையா பாட்டி?"

"எங்கே மேலே? நான் பாவாடை கட்டின நாள்லேயே அது கீழேதான் கிடந்தது. எங்கம்மாதான் மேலே இருந்தப்போ புல்லுக்கட்டை இறக்கினதாச் சொல்லுவா."

ஐந்தடி உயரத்தில் இருக்கும் கல்லில் எந்தப் பிள்ளையும் பல்லாங்குழி வெட்டி ஆடாது. ஆக, சாலை அகலமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பலகை சரிந்து தரையில் கிடந்திருக்கிறது. ஒப்பந்தக்காரரின் இயந்திரம் கிடந்த கல்லை வாய்க்காலுக்குள் தள்ளியது, அவ்வளவே. மனுவில் எழுதிய கோபமான வரியை அன்று மாலையே அடித்தேன். பாட்டி பிறப்பதற்கு முன்னோ பிறந்த சிறிது காலத்திலோ, ஆட்கள் தலையில் சுமந்து சந்தைக்குப் போவது குறைந்து வண்டிகள் கூடியபோது, சரிந்த கல்லை மறுபடி ஏற்ற யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

எழுத்துகள் மேல்தளத்தில் இல்லை. எட்டு அங்குலக் கனமுள்ள நீளப் பக்கவாட்டில், சாலையைப் பார்த்த முகத்தில், மூன்று வரிகளாக வெட்டப்பட்டிருந்தன. பலகை தரையில் கிடந்த காலமெல்லாம் அந்த முகம் மண்ணில் புதைந்திருந்ததால் பெரும்பாலான எழுத்துகள் பிழைத்தன. மண்ணுக்கு மேலே துருத்தியிருந்த இடது மூலை மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது.

கழுவுவதில் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளியது. தண்ணீர், தேங்காய் நார், மூங்கில் சிம்பு, பழைய பல்துலக்கி. இவற்றைத் தவிர வேறொன்றும் கல்லைத் தொடக் கூடாது. கம்பி பிரஷ் போட்டால் கருங்கல்லிலும் கீறல் விழும். கீறல் எது, கோடு எது என்று பின்னால் பிரித்தறிய முடியாது. ஆசிட் ஊற்றினால் அழுக்கு உடனே போகும், கூடவே கல்லின் மேல்தோலும் போகும். தூணில் இருந்த எனாமல் பெயிண்டை மட்டும், எழுத்து ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, ஈரச் சாக்கைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றி இளக்கி, மூங்கில் சிம்பால் உரித்தோம். முழுதும் போகவில்லை. இரண்டு எழுத்தின் மஞ்சள் நிழல் இன்னும் தெரிகிறது. அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பகல் வெளிச்சத்தில் முதல் வரியில் '௧௮' என்ற இரண்டு எண்கள் தெளிவாகத் தெரிந்தன. க போல இருப்பது ஒன்று, அ போல இருப்பது எட்டு. அடுத்த இரண்டு எண்கள் மங்கல். இரண்டாம் வரியில் 'தா' என்ற எழுத்து, அதன் பின் தேய்ந்த ஏதோ ஒன்று, பிறகு வருடத்தைக் குறிக்கும் ௵, பிறகு 'தை', மாதத்தைக் குறிக்கும் ௴. மூன்றாம் வரியின் தொடக்கம் அழிந்து, 'மகள்' என்ற சொல்லும், அதன் பின் '...ம்மாள்' என்று முடியும் ஒரு பெயரின் வாலும், கடைசியில் 'சுமைதாங்கி உபயம்' என்பதும் மிஞ்சியிருந்தன.

'தா' என்று பார்த்தவுடனே எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் 'தாது' என்றோம். அதற்குக் காரணமும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. அதில் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் 19 இலட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. பஞ்சத்தில் பட்டினியோடு நடந்து, வழியில் விழுந்து இறந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கல் என்று அந்த இரவே கதை முழுதாக உருவாகிவிட்டது. அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதிக்கூட முடித்துவிட்டோம். நானே எழுதினேன், நன்றாகத்தான் இருந்தது.

உறுத்தியது ஒன்றுதான். 'தா'வுக்கும் ௵க்கும் இடையே இருந்த இடம் ஓரெழுத்துக்கு அதிகமாக இருந்தது. மறுநாள் இருட்டிய பின், டார்ச் விளக்கைக் கல்லின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் உரசிச் செல்லுமாறு அடித்துப் பார்த்தோம். பகலில் தெரியாத பள்ளங்கள் அப்போது நிழலாக எழுந்து நிற்கும். 'தா'வுக்குப் பிறகு நேராக இறங்கும் ஒரு காலும், அதற்கடுத்துச் சுழிகள் அடுக்கிய ஓர் எழுத்தின் மேல்பகுதியும் தெரிந்தன. 'து' என்றால் அப்படி இருக்க வழியில்லை. ஆனாலும் ஆளுக்கொரு விதமாகப் பார்த்தார்கள். பஞ்சக் கதையை விட மனம் வராதவர்கள் இன்னும் 'தாது'வையே பார்த்தார்கள்.

ஆகவே மைப்படி எடுப்பது என்று முடிவாயிற்று. கல்வெட்டுத் துறையில் பழகிய நண்பர் மேப்லித்தோ தாளும், பன்றிமுடிப் பிரஷும், விளக்குக்கரியைப் பிசினில் குழைத்த மையும் கொண்டு வந்தார். கல்லை ஈரமாக்கி, நனைத்த தாளை அதன் மேல் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டி, பிரஷால் செங்குத்தாகத் தட்டித் தட்டித் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்குமாறு செய்ய வேண்டும். தாள் பாதி காய்ந்த பதத்தில், துணிப்பந்தில் மையை மிகக் குறைவாகத் தொட்டு ஒற்றினால், மேட்டில் மட்டும் கருமை பிடித்து எழுத்துகள் வெள்ளையாக நிற்கும். முதல் தாள் காற்றில் கிழிந்தது. இரண்டாவதில் நான் பதம் பார்க்காமல் அவசரப்பட்டு ஒற்றியதால் மை ஊறி எல்லாம் ஒரே கறுப்பாயிற்று. நண்பர் ஒன்றும் சொல்லாமல் துணிப்பந்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடித்து நிற்க, மூன்றாவது தாள் தேறியது.

அந்தத் தாளை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தபோது ஐயத்துக்கு இடமில்லை. 'தாரண ௵'. அறுபது வருடச் சுற்றில் தாது பத்தாவது, தாரண பதினெட்டாவது. இரண்டுக்கும் இடையே எட்டு ஆண்டு. முதல் வரியின் மங்கிய எண்கள் இதை உறுதிப்படுத்தின. மூன்றாவது எண்ணைப் பக்கத்திலேயே தெளிவாக இருந்த ௮ உடன் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே உளியடியில் பிறந்தவை; நான்காவது, ரு போலத் தோன்றும் ௫. ௧௮௮௫. தாரண வருடம் 1884 சித்திரையில் பிறந்தது. அந்த வருடத்துத் தை மாதம் ஆங்கிலக் கணக்கில் 1885 ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும். தாது வருடத்துத் தை என்றால் அது 1877 ஆக, ௧௮௭௭ என்று இருந்திருக்க வேண்டும். ஆண்டு, வருடப் பெயர், மாதம் மூன்றும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதிவைத்த அந்தக் கல்தச்சருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பஞ்சம் ஓய்ந்து ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு சாதாரண ஆண்டில், யாரோ ஒருவர் தம் மகளுக்காக நட்ட கல் அது. எங்களில் சிலருக்கு ஏமாற்றம். எனக்கும்தான், ஒரு நாள் முழுக்க.

இதற்கிடையே சுண்ணாம்பு வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. சிமென்டில் நட்டால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று பலரும் சொன்னார்கள். சிமென்ட் கல்லைவிடப் பிடிவாதமானது. நாளைக்கு ஏதாவது காரணத்தால் தூணை எடுக்க வேண்டி வந்தால் கல்லை உடைத்துத்தான் எடுக்க முடியும். அதிலிருந்து கசியும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து கல்லில் ஏறி வெள்ளையாகப் பூக்கும். சுட்ட சுண்ணாம்பு நூறு கிலோ வாங்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டு நீற்றினோம். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. வடிகட்டிய சுண்ணாம்புப் பாலைப் பதினைந்து நாள் மூடி வைத்ததில் தயிர்போல இறுகியது.

வெறும் சுண்ணாம்புக் கலவை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். மூன்றடி ஆழக் குழிக்குள் அதற்கு வழியில்லை. அதனால் நாட்டுச் செங்கல்லை இடித்துச் சலித்த தூளைச் சேர்த்தோம். அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு ஆற்று மணல் என்பது எங்கள் அளவு. கலவைக்குத் தண்ணீருக்குப் பதில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். கடுக்காய் கல்வராயன் மலையிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இதே கல்லின் மேல் அதன் மூட்டைகளும் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நாள் ஊறிய அந்தப் பானையைச் சுற்றி எறும்பும் ஈயும் மொய்த்ததில், பக்கத்து வீட்டார் எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை.

தூக்கிய நாள். இரும்புக் குழாய் மூன்றைக் கட்டி முக்காலியாக நிறுத்தி, ஒரு டன் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து மாட்டினோம். சங்கிலி நேரடியாகக் கல்லைத் தொடாமல் சாக்கும் வைக்கோல் புரியும் சுற்றி, அதன் மேல் நைலான் பட்டை. இரண்டரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் குழி. அடியில் ஏழு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசுக்கட்டையால் இடித்த தளம். அதன் மேல் தூணை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நான்கு பக்கமும் நேர் பார்த்து, சுற்றிலும் உடைகல்லும் கலவையும் அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்தோம். இரண்டு தூண்களின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ட்யூபில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, கிழக்குத் தூண் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. அதைத் தூக்கி மறுபடி வைக்காமல், பலகை உட்காரும் காடியில் ஈயத் தகடு வைத்துச் சரிசெய்வதாகக் கல்தச்சர் சொன்னார். பத்து நாள் ஈரச் சாக்குப் போர்த்தி வைத்துவிட்டுப் பலகைக்குத் திரும்பினோம்.

பலகையை ஏற்றும்போது நடந்த தவறு என்னுடையது. முக்காலியின் ஒரு கால் வாய்க்கால் ஓரத்து மண்ணில் நிற்பதைப் பார்த்தும், அதன் அடியில் பலகைத்துண்டு கொடுக்கச் சொல்லாமல் விட்டேன். பலகைக்கல் நான்கடி உயரத்தில் தொங்கியபோது அந்தக் கால் மெல்ல இறங்கியது. கல் ஊஞ்சல்போலச் சாய்ந்து மேற்குத் தூணில் மோதி, ஒரு மூலையில் இரண்டு அங்குலச் சில்லு தெறித்தது. ஆட்கள் யாரும் கல்லுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று காலையிலேயே கல்தச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லை இறக்கி, காலுக்கு அடியில் தேக்குப் பலகை கொடுத்து, கை நடுக்கம் அடங்க ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தூக்கினோம். தெறித்த சில்லை ஒட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது இப்போது ஊராட்சி அலுவலக மேசை அலமாரியில், தேதி எழுதிய ஒரு உறைக்குள் இருக்கிறது.

பல்லாங்குழிகள் மேலே பார்த்தபடி வருமாறுதான் பலகையை வைத்தோம். அவற்றைக் கலவையால் அடைத்துவிடலாம், மழைநீர் தேங்கும் என்று யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கல் கீழே கிடந்த ஆண்டுகளும் அதன் வரலாறுதான். தேங்கும் நீரைக் காக்கைகள் குடித்துவிட்டுப் போகட்டும்.

அறிவிப்புப் பலகையின் வாசகம்தான் கடைசிச் சிக்கல். பஞ்சத்தைப் பற்றிய பத்தி முழுவதும் போயிற்று. '...ம்மாள்' என்பதற்கு முன்னால் ஊரில் மூன்று பேர் மூன்று பெயரைச் சொன்னார்கள். ஒருவர் அது தம் கொள்ளுப்பாட்டியின் அக்காள் என்றார். மைப்படியில் இல்லாத பெயரை எழுத முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு வருத்தம்தான். அவள் கருவுற்றிருந்தபோது இறந்தாள் என்பதும் கல்லில் இல்லை. அது வழக்கத்தை வைத்தும் பாட்டி தம் தாயிடம் கேட்டதை வைத்தும் நாம் அறிவது. ஆகவே அதை அப்படியே பிரித்து எழுதினோம். கடைசியில் தகட்டில் ஏறிய வாசகம் இது:

'சுமைதாங்கிக் கல். தாரண வருடம் தை மாதம் (1885) ஒருவர் தம் மகளின் பெயரால் நிறுவியது. மகளின் பெயர் தேய்ந்துவிட்டது. கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. பிள்ளை பெறும் முன் இறந்தவர் என்று ஊரார் கூறுவர். பலகையின் மேலுள்ள குழிகள், கல் சரிந்து கிடந்த காலத்தில் பிள்ளைகள் பல்லாங்குழி ஆட வெட்டியவை. கல்லின் மேல் சுண்ணாம்பு, பெயிண்ட் பூச வேண்டாம். சுமையை இறக்கலாம்.'

கடைசி வாக்கியத்தைப் பெயிண்டர் வேடிக்கைக்கு எழுதியது என்று நினைத்து விட்டுவிட்டார். மறுபடி கூப்பிட்டு எழுதச் சொன்னோம்.

ஒரு மாதம் சென்று, கலவை நன்றாக இறுகிய பின் போய்ப் பார்த்தேன். தூக்குக்குண்டு நேராகவே நின்றது. வாய்க்கால் பக்கம் மட்டும் ஒரு விரற்கடை அளவு மண் அரித்திருந்தது. அதற்குக் கல் பாவ வேண்டும் என்று குறித்துக்கொண்டிருந்தபோது, சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டி வந்தார். கல்லை ஒட்டி நின்று, கொஞ்சம் குனிந்து, கட்டை நகர்த்தப் பார்த்தார். கட்டின் நுனி எங்கள் அறிவிப்புப் பலகையில் இடித்து நின்றது.

"இந்தத் தகரத்தை ஏன் கண்ணு இங்கே கொண்டாந்து நட்டே? சுமையை எந்தப் பக்கம் இறக்கறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகட்டுக் கம்பத்தைப் பிடுங்கி நான்கடி தள்ளி நட்டோம்.